சவாரி: மாட்டுக்கு வந்த குதிரைச் சொல்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வந்த நண்பரை மாட்டுவண்டிச் சவாரி பார்க்க அழைத்துப் போயிருந்தேன். முதல் சோடி கிளப்பிய புழுதி அடங்குமுன் அடுத்த சோடி நாம்பன்கள், அதாவது இளங்காளைகள், புறப்பட்டன. வண்டிலில் நின்றவர் ஒரு கையில் நாணயக் கயிறும் (மூக்கணாங்கயிறு) மறு கையில் துவரங்கம்புமாக முன்னே சாய்ந்திருந்தார். வாய் நுரை தெறிக்க மாடுகள் எங்களைக் கடந்த பிறகு நண்பர் கேட்டார்: "இதை ஏன் சவாரி என்கிறீர்கள்? சவாரி என்றால் ஏறிப் போவதல்லவா?"

கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் சவாரி என்றால் குதிரைமேல் போவது. ஆட்டோக்காரருக்கு அது வாடகைக்கு ஏறும் ஆள். காசு கொடுக்காமல் தொற்றிக்கொண்டால் ஓசிச் சவாரி. மாடுகளை வண்டியில் பூட்டி ஓடவிடும் போட்டிக்கு அங்கே ரேக்ளா என்றும் மாட்டுவண்டிப் பந்தயம் என்றும் வேறு பெயர்கள் உண்டு. எங்கள் பக்கம் சவாரி என்று மொட்டையாகச் சொன்னாலே போதும், மாட்டுவண்டில் கண்முன் வந்துவிடும். சவாரி மாடு, சவாரித் திடல், சவாரிக்காரர் என்று சொல் கிளைவிட்டுப் படர்ந்திருக்கிறது. 'சிரித்திரன்' நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர் தம் கேலிச்சித்திரத்தில் உலவவிட்ட மனிதருக்குச் சவாரித் தம்பர் என்றே பெயர். யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல் பாரசீகத்தது. அங்கே 'சவார்' என்றால் குதிரைமேல் இருப்பவர். அவர் செய்வது 'சவாரி'. இன்னும் பின்னே போனால் 'அஸ்வார்'. அதற்கும் முன்னே, பழம் பாரசீகத்தில், 'அசபார'. 'அச' என்பது குதிரை, 'பார' என்பது சுமக்கப்பட்டவர். ஆக, குதிரையால் சுமக்கப்படுபவர் என்பதுதான் முழுப் பொருள். வடமொழி அசுவமும் இந்த 'அச'வும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாளடைவில் முன்னால் நின்ற 'அ' உதிர்ந்துவிட்டதால் உள்ளே நிற்கும் குதிரை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிப்பாய் என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து நமக்கு வந்ததுதான்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? ஊர்தல் இருக்கிறது. "சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்கிறது 37ஆம் குறள். பொறுத்தவன் சுமக்கிறான், ஊர்ந்தவன் மேலே இருக்கிறான். பாரசீகச் சொல் ஒரே சொல்லுக்குள் அடைத்த இருவரையும் வள்ளுவர் ஒரே அடியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். யானை, குதிரை, தேர் எதில் போனாலும் பழைய தமிழில் ஊர்தல்தான். ஊர்தி என்ற சொல்லை இன்றும் எழுதுகிறோம். ஆனால் வினைச்சொல் சுருங்கிப்போய்விட்டது. இன்று எறும்பு ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது. நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரையின் மேல் ஒருவர் 'ஊர்ந்தார்' என்று செய்தியில் எழுதினால் வாசகருக்கு வேகம் போய்விடும். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. நல்ல சொல் ஒன்று மண்ணோடு மண்ணாகத் தவழ்கிறது.

பந்தயக் குதிரையில் ஏறிப் போகும் ஜாக்கியைக் குதிரையோட்டி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஓட்டுவது பின்னாலோ பக்கத்திலோ இருந்து செய்யும் வேலை; திடலில் நம் சவாரிக்காரர் செய்வது அதைத்தான். ஜாக்கி குதிரையின் முதுகில் இருக்கிறார். குதிரையேறுநர் என்றால் இடம் சரியாகிறது.

ஓடவிருக்கும் குதிரைகளைப் பட்டியலிடும் ஆங்கிலப் பந்தய அட்டைகளைப் படித்தால் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று தெரியும். குதிரையின் பெயரருகே எண்களும் எழுத்துகளும் வரிசையாக நிற்கும். எண் என்பது முந்தைய ஓட்டங்களில் அது வந்த இடம். வலப்பக்கக் கடைசி எண்தான் மிக அண்மைய ஓட்டம். முதல் ஒன்பதுக்குள் வராவிட்டால் 0. தடைதாண்டும் ஓட்டங்களில் எழுத்துகள் வந்துவிடும். 'எஃப்' என்றால் குதிரையே விழுந்தது. 'யு' என்றால் குதிரை நிற்கிறது, ஏறியவர் விழுந்தார். 'பி' என்றால் ஏறுநர் பாதியில் இழுத்து நிறுத்திவிட்டார், 'ஆர்' என்றால் குதிரை தாண்ட மறுத்துவிட்டது. இந்த 'யு'வை 'விழுந்தது' என்று மொழிபெயர்த்தால் ஒரு நல்ல குதிரையின் மேல் வீண்பழி விழும். 'ஏறுநர் வீழ்ந்தார்' என்று இரண்டு சொல்லில் எழுதிவிடலாம்.

பந்தயம் என்ற சொல்லும் இரட்டை வேலை பார்க்கிறது, ஓடுவதும் பந்தயம், பணம் கட்டுவதும் பந்தயம். பழைய அகராதியில் பணயத்துக்கு 'ஒட்டம்' என்ற சொல் கிடக்கிறது. குதிரை ஓடுவது ஓட்டம், அதன்மேல் வைப்பது ஒட்டம். ஒரு குறில் நெடிலில் இவ்வளவு தெளிவு கிடைக்கும்போது அதைத் தூசி தட்டி எடுத்தால் என்ன? குதிரை பழக்கும் வெளிக்கு வையாளி வீதி, செண்டுவெளி என்ற பெயர்களும், குதிரையின் நடைக்கு மயூரகதி, மல்லகதி, வானரகதி, வல்லியகதி, சரகதி என்று ஐந்து கதிகளும் வைத்திருந்த மொழி இது.

சவாரியை மட்டும் நான் மாற்ற மாட்டேன். குதிரைக்கு அது இரவல் சொல்லாக இருக்கலாம், மாட்டுவண்டிலுக்கு அது எங்கள் சொந்தப் பெயர். ஆங்கில 'ரேஸ்'க்கு ஓட்டம் என்றே எழுதுவேன். திடலில் நடப்பதைச் சவாரி என்பேன்.

மறுநாள் குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவுக்குப் போனோம். ஒல்லாந்தர் காலத்தில் குதிரை வளர்த்த தீவு அது. தெற்கே வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் ஆளைக் கண்டால் விலகி விலகி மேய்ந்துகொண்டிருந்தன. கடிவாளம் அறியாத வாய், எவரும் ஏறாத முதுகு. "இங்கே சவாரி போவார்களா?" என்று பக்கத்தில் நின்ற முதியவரிடம் நண்பர் கேட்டார்.

"சவாரியோ?" என்றார் அவர், குதிரைகளின் பக்கம் திரும்பாமலே. "என்னிடம் சவாரி மாடு இல்லையே, தம்பி."