ஸ்டாக்: சரக்கா, இருப்பா?

சித்தப்பாவின் மளிகைக் கடையில் போன மாதம் பில்லிங் செயலி ஒன்று போட்டோம். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். துவரம் பருப்புக்கு நேரே 'பங்கு: 12' என்று வந்தது. தீர்ந்துபோன சீரகத்துக்கு 'பங்கு இல்லை'. "இது யாரோட பங்கு?" என்று கேட்டார். நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவருக்குத் தன் கடையின் நிலவரத்தைச் சொல்லும் தமிழ் புரியவில்லை. எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. ஸ்டாக் என்ற சொல்லை யாரோ பங்குச்சந்தையோடு சேர்த்துப் பெயர்த்திருக்கிறார்கள்.

ஸ்டாக் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அடிமரம், மரக்கட்டை என்று பொருள். அந்தக் கட்டை கணக்குக்குள் வந்த வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் பல நூற்றாண்டுகள் கடனையும் வரவையும் குச்சியில் வெட்டுப் போட்டுக் குறித்தார்கள். தொகைக்குத் தக்கபடி வெட்டின் அகலம் மாறும். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீளமான பாதி பணம் கொடுத்தவர் கையில் இருக்கும். அதற்குப் பெயர் ஸ்டாக். கணக்குப் பார்க்கும் நாளில் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். அந்தக் குச்சிக்குப் பெயர் டேலி. வெட்டிய குச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்த முறை 1826இல் நின்றது. மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்பில் போட்டு எரித்தபோது தீ பரவி, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி சாம்பலானது.

'ஸ்டாக் டேலி ஆகலை' என்று நம் கடைகளில் தினமும் சொல்கிறார்களே, அதில் உள்ள இரண்டு சொல்லும் அந்தக் குச்சிக் கணக்கில் புழங்கியவை.

ஸ்டாக் என்பதற்குச் 'சேர்த்து வைத்த பொருள்' என்ற பொருள் எப்படி ஏறியது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று இந்தக் குச்சி. மற்றொன்று, அடிமரத்திலிருந்து கிளை வெடிப்பதுபோல அடிப்படைப் பணத்திலிருந்து ஆதாயம் கிளைக்கிறது என்பது. இரண்டாவதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது 'முதல்'. சங்கத் தமிழில் மரத்தின் அடிக்கு முதல் என்று பெயர். 'மாமுதல் தடிந்த' என்று முருகனைச் சொல்கிறதே திருமுருகாற்றுப்படை, அது மாமரத்தை அடியோடு வெட்டியதைத்தான். அதே சொல் 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்ற குறளில் வியாபாரத்தில் போடும் பணமாகிறது. மரத்தின் அடியைச் சொல்லும் சொல்லே பணத்தின் அடியையும் சொல்வது இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது. பொருள் வாங்குவதற்கு நாம் சொல்லும் 'கொள்முதல்' என்பதிலும் அந்த முதல் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையம் எல்லோருக்கும் தெரிந்த பெயர். செயலியின் பர்ச்சேஸ் பக்கத்துக்கு வேறு சொல் தேட வேண்டியதே இல்லை.

சரி, ஸ்டாக்குக்குத் தமிழ் என்ன? ஒரே சொல்லைத் தேடினால் தவறிவிடுவோம். ஆங்கிலக்காரர் ஸ்டாக் என்று சொல்லும்போது சில சமயம் பொருளைச் சொல்கிறார், சில சமயம் அந்தப் பொருள் எவ்வளவு கையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறார். தமிழ்க் கடைக்காரர் இந்த இரண்டையும் கலப்பதில்லை. பொருள், சரக்கு. அளவு, இருப்பு. 'சரக்கு வந்து இறங்கியாச்சு' என்பார். 'இருப்பு எவ்வளவு இருக்கு பாரு' என்பார்.

சரக்கு பெரிய வயிறுள்ள சொல். மலையாளத்தில் சரக்கு, கன்னடத்திலும் தெலுங்கிலும் சரகு என்று இன மொழிகளிலும் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் மருந்துக்குச் சேரும் பொருள்கள் சரக்கு. சுக்கு, மிளகு, திப்பிலியெல்லாம் கடைச்சரக்கு. விஷயம் தெரிந்தவரைச் சரக்குள்ள ஆள் என்கிறோம். இன்று மதுவுக்கும் அந்தப் பெயர் போய்விட்டதால் சிலர் எழுதத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். சரக்கு ரயிலும் சரக்குக் கப்பலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இருப்பு, 'இரு' என்ற வினையில் பிறந்த பெயர். ரொக்க இருப்பு, கையிருப்பு என்று பணத்துக்கும் பொருளுக்கும் பொது. தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் தொடக்கச் சரக்கிருப்பு, இறுதிச் சரக்கிருப்பு என்று சரக்கையும் இருப்பையும் சேர்த்தே சொல்வார்கள். நியாயவிலைக் கடையில் பில் போடும் கருவிக்கு விற்பனை முனைய இயந்திரம் என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கடையின் கணக்கும் இருப்பு என்ற சொல்லில்தான் நடக்கிறது.

செயலி இருப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்றதைக் கழித்து, திரும்பி வந்ததையும் உடைந்ததையும் சரிக்கட்டிச் சொல்கிறது. நேற்று இறங்கிய மூட்டையைக் கொள்முதலில் ஏற்றாமல் இன்று விற்றால் 'மைனஸ் 4' என்று காட்டும். இருப்பு என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் பிழை உடனே தெரியும். இருப்பது இல்லாததற்குக் கீழே போக முடியாது. மைனஸ் வந்தால் தவறு பதிவில் இருக்கிறது, அலமாரியில் இல்லை.

இலங்கைத் தமிழில் ஸ்டாக்குக்குத் தொக்கு என்றும் எழுதுவார்கள். கணக்கீட்டுப் பாடத்தில் இறுதித் தொக்கு என்று வரும். தமிழ்நாட்டுக்காரருக்கு மாங்காய்த் தொக்குதான் நினைவுக்கு வரும் என்றாலும், தொகு என்ற வினையிலிருந்து வரும் தொக்கு என்பதற்குச் சேர்ந்து, கூடி என்று பொருள். ஸ்டாக் என்ற ஓசையும் அதில் கேட்கிறது. எனக்குப் பிடித்த சொல்.

இன்னும் ஒரு சொல் மிச்சம்: கேட்டலாக். கிரேக்கத்தில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது. தமிழில் சரக்குப் பட்டியல் போதும். அந்தப் பட்டியலில்தான் கடையின் ஒழுங்கு இருக்கிறது. சித்தப்பா கடையில் 'துவரம் பருப்பு' என்று ஒரு பெயரும், 'து.பருப்பு' என்று இன்னொரு பெயரும் ஏறியிருந்தன. கொள்முதல் ஒன்றில் ஏறியது, விற்பனை மற்றொன்றில் கழிந்தது. ஒன்றில் குவிந்துகொண்டே போனது, இன்னொன்றில் மைனஸ். 50 கிலோ மூட்டையாக வாங்கிக் கிலோக் கணக்கில் விற்பதையும் பட்டியலிலேயே சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிலோ விற்றதும் ஒரு மூட்டை காலியானதாகச் செயலி எடுத்துக்கொள்ளும்.

செயலியில் 'பங்கு இல்லை' வந்த இடத்துக்கு என்ன போடலாம் என்று சித்தப்பாவிடமே கேட்டேன். "சீரகம் தீர்ந்துடுச்சு. இல்லைன்னு ஏன் போடணும்?" என்றார். அவர் கடையில் இரண்டு பதில் உண்டு. ஆலிவ் எண்ணெய் கேட்டு வந்தால் "நம்மகிட்ட கிடையாதுங்க". சீரகம் கேட்டால் "தீர்ந்துடுச்சு, நாளைக்கு வரும்". முதலாவது, சரக்குப் பட்டியலிலேயே இல்லாதது. இரண்டாவது, பட்டியலில் இருந்து இருப்பு சுழியமானது. அந்தத் திரையில் 'தீர்ந்தது' என்றுதான் இருக்க வேண்டும்.