எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்

வேறு நாட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறது என்றுதான் பெற்றோர் வருவார்கள். பெயரைப் பற்றி யாரும் தாமாக எடுப்பதில்லை. நான்தான் கேட்பேன்: “ஸ்கூல்ல இவனை என்னன்னு கூப்பிடுறாங்க?” அம்மா ஒரு பெயர் சொல்வார். பிள்ளை குனிந்துகொண்டே வேறொன்று சொல்லும்.

வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆசிரியர் கடகடவென்று பெயர்களைப் படித்துக்கொண்டு வருவார். ஓரிடத்தில் தடுக்கும். கண்ணைச் சுருக்கித் தாளைப் பார்ப்பார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அந்தத் தயக்கம் தொடங்கியதுமே கையைத் தூக்கிவிடுவாள். ஆசிரியர் பெயரைத் தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். சொல்லவே விடாவிட்டால் சிரிக்க ஒன்றும் இருக்காது. அவளாகக் கண்டுபிடித்த தற்காப்பு அது. கொஞ்ச நாளில் நோட்டு அட்டையில் மூன்றெழுத்தில் புதுப் பெயர் ஒன்று எழுதிக்கொண்டாள். பிள்ளை நன்றாகப் பழகிவிட்டாள் என்று ஆசிரியர் மகிழ்ந்தார். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவள் பழகவில்லை, ஒதுங்கிக்கொண்டாள். இந்த வித்தியாசம் பெரியவர்கள் கண்ணில் படாமல் போவதுதான் எனக்குக் கவலை. ரீட்டா கோலி, டேனியல் சொலோர்சானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் அமெரிக்கப் பள்ளிகளில் படித்தவர்களின் இத்தகைய அனுபவங்களைத் திரட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெயர் மறுபடி மறுபடி சிதையும்போது, பிள்ளை தன்னையும் தான் பிறந்த சமூகத்தையும் மட்டமாக எண்ணத் தொடங்குவதை அது எடுத்துக்காட்டியது.

பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் பெயரைச் சொல்லத் திணறுவார். சங்கடத்தைத் தவிர்க்க நாமே முந்திக்கொண்டு, “எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை” என்று சிரித்துவிடுவோம். மரியாதைக்காகத்தான் சொல்கிறோம். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, தன் பெயருக்காக யாரும் சிரமப்பட வேண்டியதில்லை என்று அங்கேயே கற்றுக்கொள்கிறது. அதற்குப் பதிலாக ஆசிரியர் முன்னால் பெயரை நிதானமாக, அசை பிரித்து, இரண்டு முறை சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள். நம் ழகரம் அவருக்கு வராமல் போகலாம். முயற்சி செய்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிந்தாலே போதும்.

விண்ணப்பப் படிவத்தையும் கவனியுங்கள். குடும்பப் பெயர் இல்லாத சமூகங்கள் உலகில் பல உண்டு, நம்மில் பலரும் அப்படித்தான். பிள்ளையின் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் உரிய கட்டங்கள் இடம் மாறி நிரம்பிவிட்டால் பிள்ளையை வகுப்பில் அப்பா பெயரைச் சொல்லி அழைப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அதைத் திருத்தும் அளவுக்கு மொழியும் இருக்காது. அலுவலகத்தில் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

இது சலுகை கேட்பதல்ல. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு, பெயர் உள்ளிட்ட தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. பிள்ளையின் பண்பாடு, மொழி ஆகியவற்றின்மேல் மதிப்பை வளர்ப்பதும் கல்வியின் நோக்கம் என்கிறது 29-ஆவது பிரிவு. அமெரிக்காவைத் தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் இதை ஏற்று உறுதிசெய்திருக்கின்றன.

வீட்டில் தாய்மொழியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பிள்ளை சீக்கிரம் தேறும் என்று சில பள்ளிகளில் இன்னும் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். முதல் மொழியில் பெற்ற திறன் இரண்டாம் மொழியைக் கற்கக் கைகொடுக்கிறது என்பதைக் கனடாவின் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களிலிருந்தே எழுதிவருகிறார்.

பிள்ளை புதுப் பெயரோடு வீட்டுக்கு வந்தால் உடனே திட்டாதீர்கள். பதின்ம வயதில் தானே விரும்பி ஒரு சுருக்கப் பெயர் வைத்துக்கொள்வது சாதாரணம்தான், அது அவர்கள் உரிமையும்கூட. பள்ளி வாசலில் நீங்கள் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது முகத்தைப் பாருங்கள். சகஜமாகத் திரும்பினால் விட்டுவிடலாம். பதறிப்போய் “இங்க அப்படிக் கூப்பிடாதீங்க” என்றால், வகுப்பில் என்ன நடந்தது என்று இரவில் மெதுவாகக் கேளுங்கள். “என் பெயர் இது, இப்படிச் சொல்லணும்” என்ற ஒரு வரியை, வகுப்பு மொழியிலேயே, கோபமும் கெஞ்சலும் இல்லாமல் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் ஆசிரியராக நடித்து வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், பிள்ளை திருத்தட்டும்.

ஆசிரியர்களுக்கு: பெயரை எல்லார் முன்னாலும் கேட்காமல், தனியாக அழைத்துக் கேளுங்கள். கேட்டதை உங்கள் எழுத்தில் ஒலிப்படி குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விடுப்பில் போகும் நாளில் வேறொருவர் வந்து அதே பட்டியலைப் படிப்பார். அந்தக் குறிப்பு அவருடைய தாளிலும் இருக்க வேண்டும்.