அணு உலைக்குத் தாளம் ஆகாது

1988 மார்ச் 9. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் உள்ள லாசால் அணுமின் நிலையம். இரண்டாம் உலையில் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர் ஒரு வால்வைத் தவறாகக் கையாள, உலைக்குள் நீரைச் சுழற்றும் இரண்டு பம்புகளும் நின்றுபோயின. சில நிமிடங்களில் உலையின் திறன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடத் தொடங்கியது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று விநாடிதான். பம்புகள் நின்று சுமார் 7 நிமிடத்தில் அதன் உச்சி முழுத்திறனில் 118 சதவீதத்தைத் தொட்டது. உலை தானாகவே நின்றது.

ஏன் ஆடியது? இது கொதிநீர் உலை. எரிபொருள் கோல்களுக்கு இடையிலேயே தண்ணீர் கொதிக்கிறது. அந்தத் தண்ணீர்தான் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்து அணுப்பிளவு தொடர உதவுகிறது. திறன் கூடினால் நீராவிக் குமிழிகள் பெருகும்; குமிழி இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை; அதனால் திறன் தானே தணியும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் கோலுக்குள் பிறந்த வெப்பம் தண்ணீரை எட்டவும், குமிழி அடியிலிருந்து மேலே போகவும் நேரம் பிடிக்கும். நீரோட்டம் மந்தமாகித் திறன் மட்டும் உயர்ந்திருந்தால், தணிக்க வேண்டிய விளைவு காலம் தப்பி வந்து, ஊஞ்சலைத் தள்ளிவிடுவதுபோல ஆட்டத்தை வளர்த்துவிடும்.

சரி, திறனுக்கு ஒரு வரம்பு வைத்தால் போதாதா? போதாது. உலையின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கும் ஆட்டமும் உண்டு. சராசரியைப் பார்த்தால் எல்லாம் அமைதியாகவே தெரியும். என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான். அதனால் உலைக்குள் பல இடங்களில், பல உயரங்களில் உள்ள சிறு நியூட்ரான் சென்சார்களைப் பகுதி பகுதியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நலமாக ஓடும் உலையிலும் சென்சார் சிக்னல் நேர்கோடாக இருக்காது. கொதிக்கும் தண்ணீரின் சலசலப்பு அதில் எப்போதும் உண்டு. அது ஒழுங்கில்லாமல் இருக்கும்வரை கவலையில்லை. லாசாலுக்குப் பிறகு அமெரிக்காவின் கொதிநீர் உலைகளுக்கு வந்த ஒரு முறை, ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையிலான நேரத்தை அளக்கிறது. அடுத்த இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவா? எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். இல்லையென்றால் மறுபடி பூஜ்யம். வெறும் சலசலப்பு தற்செயலாக இரண்டு மூன்று முறை ஒத்துப்போகலாம். விடாமல் ஒத்துப்போவது அரிது. எண்ணிக்கை குறித்த அளவைத் தாண்டி, ஆட்டத்தின் வீச்சும் பெருத்தால், நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே பாய்ந்து உலையை நிறுத்திவிடும்.

ஆட்டம் தெரியத் தொடங்கும் முன்பே அறியவும் வழி இருக்கிறது. சிக்னலைச் சற்று நேரம் நகர்த்தி அதனுடனேயே ஒப்பிட்டால், ஒரு சிற்றலை எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கணக்கிடலாம். அடுத்த உச்சி முந்தையதில் பாதி என்றால் விகிதம் 0.5, சிற்றலை அடங்கிவிடும். 1-ஐ நெருங்கினால் அடங்க மறுக்கிறது என்று பொருள். உடனே நீரோட்டத்தைக் கூட்டவோ திறனைக் குறைக்கவோ வேண்டும்.