377ஏ போனது, திருமணச் சட்டம் அப்படியே இருக்கிறது

"377ஏ-யைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் ரெண்டு ஆண்கள் பதிவுத் திருமணம் செய்யலாம்தானே?" சிங்கப்பூரின் தேக்காவில் டீ குடிக்கும்போது இந்தக் கேள்வி வரும். முடியாது.

377ஏ, ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 1938ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு. 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது. 2023 ஜனவரி 3 முதல் அது இல்லை. கல்யாணம் வேறு சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டமான மாதர் சாசனத்தின் 12ஆம் பிரிவுப்படி, ஆணும் பெண்ணுமாக இல்லாத இருவரின் திருமணம் செல்லாது, அது எந்த நாட்டில் நடந்திருந்தாலும் சரி. தைவானில் பதிவு செய்துவிட்டுச் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினால், சட்டத்தின் கண்ணில் இருவரும் கல்யாணமாகாதவர்களே. ஆனால் பால்மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவரை மாறிய பாலினத்தவராகவே இதே பிரிவு ஏற்கிறது. 1990களிலிருந்தே இப்படித்தான் என்றால் பலர் நம்புவதில்லை.

377ஏ-யை நீக்க வாக்களித்த அதே நாளில், அரசமைப்பில் 156ஆம் பிரிவைச் சேர்க்கவும் நாடாளுமன்றம் வாக்களித்தது. "ஆண்-பெண் திருமணம் என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்" என்பது பாதி உண்மைகூட இல்லை. அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: திருமணம் என்றால் என்ன என்று முடிவுசெய்வது நாடாளுமன்றம். ஆண்-பெண் என்ற அந்த வரையறையை அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றத்தில் முறியடிக்க முடியாது. அவ்வளவுதான். நாளை ஒரு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் வரையறையை மாற்றலாம்.

சமயம்? தத்தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அரசமைப்பின் 15ஆம் பிரிவு தருகிறது. ஆனால் சடங்கு மட்டும் சட்டப்படி திருமணமாகாது. கோயிலில் தாலி கட்டும் ஜோடிக்கும் திருமணப் பதிவகத்தின் சான்றிதழ் வேண்டும், அதனால்தான் நம் வீடுகளில் "ரெஜிஸ்டர் ஆயிடுச்சா?" என்று முதலில் கேட்கிறோம். முஸ்லிம் தம்பதியருக்குத் தனிச் சட்டம், தனிப் பதிவகம்.

சரி, சேர்ந்து வாழும் இருவர் என்ன செய்யலாம்? 35 வயது நிரம்பிய திருமணமாகாத சிங்கப்பூரர்கள் சேர்ந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கலாம். மத்திய சேமநிதியில்தான் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) கவனம் தேவை. தனக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்று நியமனம் செய்யாவிட்டால் அது சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். கூட வாழ்ந்தவருக்கு ஒரு வெள்ளிகூட வராது. உயிலில் எழுதினாலும் சேமநிதிப் பணத்துக்கு அது செல்லாது. நியமனம் தனியாகச் செய்ய வேண்டும், இரண்டு சாட்சிகளோடு. பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது.