தனியே மிதிவண்டியில் கடற்கரைப் பயணம்: வெயிலைவிடப் புழுக்கத்துக்கு அஞ்சுங்கள்

சென்ற ஆண்டு கத்தரி வெயில் நாட்களில் ஒரு நண்பகல், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் நுங்கு விற்கும் அம்மா ஒருவர், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். மிதிவண்டியில் தனியே தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த அவர், நுங்குக்குக் காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்து, சற்று நேரத்தில் மறுபடியும் காசை நீட்டியிருக்கிறார். "இப்பத்தானே தம்பி குடுத்தீங்க" என்று அந்த அம்மா சொன்னதற்கு, ஏதோ ஊர் கேட்டதைப் போல "பெங்களூர்" என்று பதில் வந்திருக்கிறது. வெயிலில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கி வருபவர்கள் உண்டு. விழும் முன்பே பேச்சு பிசகுவதைக் கவனித்து ஒருவரை அழைத்து வந்தது, என் அனுபவத்தில் அதுவே முதல் முறை.

குடத்துத் தண்ணீரை அவர் தலையிலும் மார்பிலும் ஊற்றி, வழியெல்லாம் பனையோலையால் விசிறிக்கொண்டே வந்திருந்தார் அந்த அம்மா. அப்படியும் உடல் வெப்பநிலை 40.3 டிகிரி செல்சியஸ் இருந்தது. 40 டிகிரியைத் தாண்டிய உடல் வெப்பத்தோடு புத்தித் தடுமாற்றமும் சேர்ந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி ஏற்றுவது என்பதே அதற்கான முறை; பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நாங்களும் அதே வேலையைத் தொடர்ந்து செய்து, சூடு இறங்கியபின் ராமநாதபுரத்துக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் தன் காலால் நடந்தே அங்கிருந்து வெளியே வந்து வீடு திரும்பினார்.

அன்றைய வெப்பநிலை 36 டிகிரிதான், வேலூரில் 42 அடிக்கிறதே என்று பின்னாளில் அவர் வியந்தார். பிடிபடாமல் போனது இதுதான். மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற வியர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது உலரவும் வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடும்வரை எதிர்காற்று ஓரளவு உலர்த்திக் கொடுப்பதால், உடம்புக்குள் சூடு ஏறுவது தெரிவதில்லை. சீமைக் கருவேல முள் குத்தி டயர் பஞ்சரானபோது, நிழலில்லாத இடத்தில் குந்தி உட்கார்ந்து ட்யூபுக்கு ஒட்டுப்போட அவருக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்திலிருந்து அவருக்கு நினைவு தெளிவாக இல்லை.

முந்தைய இரவையும் விசாரித்தேன். கடற்கரை என்றால் இரவில் குளுகுளுவென்று இருக்கும் என நினைத்து மணலில் கூடாரம் அடித்திருக்கிறார். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். மே மாதத்தில் அதன் நீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கரையோர இரவுகளும் பல நாட்கள் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கொசுவுக்குப் பயந்து கூடாரத்தின் மேலுறையையும் இழுத்து மூடியவர் இரவெல்லாம் வியர்த்தாரே தவிர உறங்கவில்லை. முதல் நாள் சூடும் நீரிழப்பும் தீராத உடம்போடு காலையில் மறுபடி வண்டியில் ஏறியிருக்கிறார். மேலுறை இல்லாமல் கொசுவலையை மட்டும் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் படுப்பது நல்லது. அதுவும் உள்ளூர்க்காரர்களைக் கேட்டு, அலை ஏறாத மேட்டில்.

தண்ணீர் நிறையக் குடித்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள், இவரும் சொன்னார். வியர்வையில் உப்பும் போகிறது; வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் குழப்பத்திலும் வலிப்பிலும் கொண்டுபோய் விடும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே அது மட்டும் ஈடு செய்யாது. உப்புப் போட்ட மோரோ, நீராகாரமோ, ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற அளவில் கரைத்த ஓஆர்எஸ் கரைசலோ இடையிடையே வேண்டும். பொட்டலத்தைத் தம்ளரில் கொட்டிக் கலக்குபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

பெங்களூரின் உயரத்தில் பழகிய உடம்பு இந்தப் புழுக்கத்துக்குப் பழக பத்துப் பதினான்கு நாட்களாவது ஆகும். அதுவரை விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தும் நேரத்தை முதல் நாள் இரவே முடிவு செய்துவிட வேண்டும். ஏனெனில் வெப்பம் முதலில் கெடுப்பது, இப்போது நிறுத்தலாமா என்று யோசிக்கும் அந்தப் புத்தியைத்தான். கூட ஒருவர் இருந்தால் அவர் கவனிப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கண்கள் வேறெங்கிருந்தாவது கிடைக்க வேண்டும்.

இந்த ஆண்டு மார்கழியில் அவர் மீண்டும் அதே சாலையில் போனார். நான் சொன்னபடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்து, "நேத்து ராத்திரி என்னடா சாப்பிட்டே?" என்று கேட்பாராம். பதில் தடுமாறினால் உடனே 108-ஐ அழைத்துச் சொல்ல, அவர் நிற்கும் இடம் அக்காவின் கைபேசியில் தெரிந்துகொண்டே இருந்தது.