தொப்பூர் இறக்கத்தில் சூடு எங்கே போகிறது?

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் விறுவிறுவென இறங்குகிறது. வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் இங்கே பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதுவது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. எதிர்ப்பக்கம் சேலத்திலிருந்து ஏறி வரும் கார்காரருக்கு வேறு தொல்லை. ஊர்ந்து போகும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்று நின்று நகரும்போது, கிளட்ச் தீயும் வாடை அடிக்கத் தொடங்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேனுவல் கியர் வண்டியில் இன்ஜின் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரம் வேறொரு வேகத்தில் சுற்றுகிறது. இரண்டையும் பொருத்துவது ஓட்டுபவரின் கையிலும் காலிலும் இருக்கிறது. பொருத்தம் சரியாக அமைந்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அமையாவிட்டால் அந்த வித்தியாசம் எங்காவது ஓரிடத்தில் சூடாக மாறியே தீரும்.

கியர் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். சின்ன பெட்ரோல் இன்ஜின், ஆக்சிலரேட்டர் தொடாமல் சும்மா ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், நிமிடத்துக்கு சுமார் 800 முறை சுற்றும். அதன் முழு இழுவை 3,500 முதல் 4,500 சுற்றில்தான் கிடைக்கும். டீசல் காரில் அது 1,750 முதல் 2,500 சுற்றுக்குள் வந்துவிடும். முதல் கியரில் இன்ஜின் சுமார் 14 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். இரண்டாவதில் ஏழரை முறை, மூன்றாவதில் ஐந்து முறைக்குச் சற்று மேல், ஐந்தாவதில் மூன்று முறை. மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். 14 அங்குல ரிம் போட்ட சின்ன காரின் சக்கரம் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் உருளும். ஆக, மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் ஏறத்தாழ 2,650 சுற்றிலும், மூன்றாவதில் 1,800 சுற்றிலும், ஐந்தாவதில் 1,050 சுற்றிலும் இருக்கும். ஏற்றத்தில் ஐந்தாவதில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி 'கடகட'வென உதறுவது இதனால்தான். இழுக்கத் தேவையான சுற்றுக்கே இன்ஜின் வந்திருக்காது.

இனி கிளட்ச். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கை அழுத்தும், பிரஷர் பிளேட் விலகும், கிளட்ச் பிளேட் விடுபடும். காலை எடுக்க எடுக்க பிளேட் உரசி, பிடித்து, கடைசியில் ஒன்றாகச் சுற்றும். அந்த உரசல் நேரத்தைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். சமதரையில் 1,200 கிலோ எடையுள்ள காரை நின்ற இடத்திலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கொண்டுவர, கிளட்சில் ஏறும் சூடு சுமார் 5 கிலோஜூல். அது ஒரு பொருட்டே இல்லை.

இதே காரை 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில், பிரேக் தொடாமல், 1,500 சுற்றில் ஹாஃப் கிளட்சிலேயே அசையாமல் நிறுத்திப் பிடித்தால் கணக்கு தலைகீழாகும். வண்டி பின்னால் உருளாமல் இருக்க கிளட்ச் சுமார் 15 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். இன்ஜின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரப் பக்கம் நிற்கிறது. இன்ஜின் கொடுக்கும் ஏறத்தாழ இரண்டரை கிலோவாட் முழுவதும் அந்த உரசலில் சூடாகிறது. வீட்டுக் குளியலறை கீசர் எரிவதைவிட அதிகம். 20 விநாடி பிடித்தால் 50 கிலோஜூல், அதாவது சமதரையில் பத்து முறை வண்டி எடுத்ததற்குச் சமம். தொப்பூர் ஏற்றத்தில் வரும் வாடை இந்தச் சூட்டினால் வருவது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கி, விடுமுறை நாள் நெரிசலில் திரும்ப மலை ஏறும்போதும் இதேதான் நடக்கும்.

ஏற்றத்தில் நின்று எடுக்க ஹேண்ட் பிரேக்தான் சரியான கருவி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியர் போடுங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து 1,500 சுற்றுக்குக் கொண்டுவந்து, கிளட்சை மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, சுற்று 100, 200 இறங்கி, பானெட்டின் முன்பக்கம் லேசாகத் தூக்கும். கிளட்ச் பிடித்துவிட்டது. காலை அங்கேயே வைத்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூட உருளாது. ஒரு மீட்டர் நகர்ந்ததும் கிளட்சை முழுவதும் விட்டுவிட வேண்டும். முன்னால் போகும் லாரி நின்று நின்று நகர்ந்தால், ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டு போகாமல் மூன்று நான்கு வண்டி நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் போய்ச் சேருங்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் சமதரையாக இருந்தாலும் இதையே செய்யலாம். முதல் கியரில், கிளட்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டர் தொடாமலே கார் மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டரில் தானாக நகரும்.

பெடல்மேல் காலைச் சும்மா வைத்து ஓட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தச் சின்ன அழுத்தமே ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கும், பிளேட்டின் பிடியைத் தளர்த்தும். பிளேட் தேய்ந்துவிட்டதா என்று அறிய, லேசான ஏற்றத்தில் நான்காவது கியரில் 40-இல் போய் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் நகராமல் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது, அதாவது ஸ்லிப் ஆகிறது. செட்டையே மாற்றிவிடுவது நல்லது. கியர்பாக்ஸைக் கழற்றும் கூலி ஒருமுறைதான், அதனால் பிளேட்டோடு பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மேனுவல் வண்டியின் உண்மையான சுகம் கியரைக் குறைப்பதில் இருக்கிறது. 40-இல் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர இன்ஜின் 1,800-இலிருந்து 2,650-க்கு ஏற வேண்டும். சும்மா கியரைப் போட்டு கிளட்சை விட்டால் அந்த 850 சுற்றையும் கிளட்ச் உரசியே ஏற்றும், வண்டி முன்னால் குனியும், உள்ளே இருப்பவர்கள் தலை ஆடும். கிளட்ச் மிதித்திருக்கும் அந்த அரை விநாடியில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டினால் இன்ஜின் தானே அந்தச் சுற்றுக்கு வந்துவிடும். கிளட்ச் விட்டதே தெரியாமல் கியர் உட்காரும். பழகியவர்கள் முள்ளைப் பார்ப்பதில்லை, காதிலேயே கேட்டுச் செய்கிறார்கள். கியர்பாக்ஸுக்குள் பற்களின் வேகத்தைச் சமப்படுத்த சின்க்ரோ ரிங்குகள் உண்டு. பல கார்களில் ரிவர்ஸுக்கு மட்டும் அது இருக்காது. வண்டி முழுவதும் நின்று, கிளட்ச் மிதித்து இரண்டு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டால் அந்தக் 'கர்ர்' சத்தம் வராது.

இறக்கத்துக்கு வருவோம். 1,200 கிலோ கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்குக்கே போனால், மொத்தம் 10 கிலோ இருக்கும் முன்சக்கர பிரேக் டிஸ்க் இரண்டும், ஆற நேரமில்லாதபோது, 150 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடும். அதுவும் ஏற்கெனவே இருந்த சூட்டுக்கு மேலே. 40 டன் லாரிக்கு இதே இறக்கத்தில் 4 கோடி ஜூல். லாரிச் சக்கரத்தின் பிரேக் டிரம்மும் அதன் உள்ளே உரசும் லைனிங்கும் ஓரளவுக்கு மேல் சூடானால் உரசும் தன்மையே குறைந்துவிடும். காரில் இன்னொரு சங்கடம் சேரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி, பெடல் தரைவரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

'ஏறுன கியர்லயே இறங்கு' என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது அப்பட்டமான இயற்பியல். கியரில் இருக்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருப்பதால் பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கிறது. அந்த உழைப்பின் சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. டீசலில் இந்த இழுப்பு குறைவு. அதனால் லாரிகளில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். நியூட்ரலில் போட்டால் அதுவும் செத்துவிடும், ஏனென்றால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது; ஐடிலிங்கில் அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் மெல்லச் சுற்றும், அடிக்கடி பிரேக் அடித்தால் காற்றழுத்தம் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். வேகம் கூடியபின் கியர் போடலாம் என்று நினைத்தாலோ, பற்களின் வேக வித்தியாசம் எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும், கியர் விழாது.

நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் இப்போதைய வண்டிகளுக்குப் பொருந்தாது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இன்ஜின், கியரில் இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை முழுவதும் நிறுத்திவிடும். நியூட்ரலில் அணையாமல் இருக்க அது எரித்தே ஆகவேண்டும்.

காரில் கணவாய் தொடங்குமுன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, மூன்றாவதுக்கோ இரண்டாவதுக்கோ வாருங்கள். கியரிலும் வேகம் ஏறினால், நன்றாக ஒருமுறை அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவது பிரேக்கை ஆறவிடாது. 90-இல் போகும்போது பதறி இரண்டாவதைத் திணிக்காதீர்கள். இன்ஜின் 6,000 சுற்றுக்கு இழுத்துச் செல்லப்படும், முன்சக்கரம் பிடியிழக்கவும் கூடும்.

தீய்ந்த வாடை வந்தால் அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும், விரிசலும் விடும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் அது ஆறிச் சுருங்கும்போது இறுகிக்கொள்ளலாம். அதனால் சக்கரத்துக்குக் கல் வைத்து, இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸிலும், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியரிலும் போட்டு நிறுத்துங்கள்.