ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுக்கு விளைபொருள் விற்பவரைக் காக்கும் விதி

ஐரோப்பாவில் காய்கறி, பழம் விளைவிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதை மொத்தமாக வாங்கும் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களையோ ஒவ்வொரு நாட்டிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் வாங்குபவர் பணத்தை இழுத்தடித்தாலும் விற்பவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அடுத்த ஆர்டர் போய்விடுமே!

இதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஏப்ரலில் கொண்டுவந்ததுதான் 2019/633 என்ற நெறியாணை. உறுப்பு நாடுகள் இதற்கேற்பத் தங்கள் சட்டத்தை அமைத்து, 2021 நவம்பர் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. இதைவிடக் கடுமையாகவும் சட்டம் போடலாம். ஸ்பெயின் அப்படித்தான், உற்பத்திச் செலவுக்கும் குறைவாக விவசாயியிடம் விலை பேசக் கூடாது என்றே எழுதிவிட்டது.

சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், மற்றவற்றுக்கு 60 நாள். கெட்டுப்போகும் பொருளுக்குக் கொடுத்த ஆர்டரைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வது, ஒப்பந்தத்தைத் தன்னிச்சையாக மாற்றுவது, விற்பவரின் தவறு இல்லாமல் வாங்குபவரின் கடையில் அழுகியதற்கு விற்பவரிடம் பணம் பிடிப்பது எல்லாம் அடியோடு தடை. விற்காததைத் திருப்பி அனுப்புவது, விளம்பரச் செலவில் பங்கு கேட்பது போன்றவற்றை ஒப்பந்தத்திலேயே தெளிவாகப் பேசியிருந்தால் மட்டும் செய்யலாம்.

யாருக்குப் பாதுகாப்பு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம், 1 கோடி, 5 கோடி, 15 கோடி, 35 கோடி யூரோ என ஐந்து படிகள். வாங்குபவர் விற்பவரைவிட மேல் படியில் இருக்க வேண்டும். 80 லட்சம் யூரோ விற்றுமுதல் உள்ளவர் 1.2 கோடி உள்ளவருக்கு விற்றால் பாதுகாப்பு உண்டு. 90 லட்சம் உள்ளவருக்கு விற்றால் இல்லை. அரசு அமைப்புகள் வாங்கினால் அவற்றின் அளவைப் பார்ப்பதில்லை. 35 கோடிக்கு மேல் போன விற்பனையாளர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, புகார் செய்தால் பழிவாங்க மாட்டார்களா? பழிவாங்குவதே தடைப் பட்டியலில் இருக்கிறது. புகார் செய்தவர் கேட்டால், அவர் யாரென்று தெரியாமல் அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு சரக்கைத் தருபவர் இரண்டு மூன்று பேர்தான் என்றால், பெயரை மறைத்தும் பயனில்லை, வாங்குபவர் ஊகித்துவிடுவார். அங்கேதான் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் அமைப்புகள் உதவுகின்றன. உறுப்பினர் சார்பில் அமைப்பே புகார் கொடுக்கலாம். இந்த நெறியாணையின் உண்மையான பலம் இந்த ஏற்பாடுதான் என்பேன். விலை பேசவும் தரம் பிரிக்கவும் கூடும் அதே அமைப்பு புகாருக்கும் முன்னால் நிற்கிறது. காய்கறி, பழ உற்பத்தியாளர் அமைப்புகளின் செயல்பாட்டு நிதிக்கு ஒன்றியம் பொதுவாகப் பாதிவரை உதவி தருகிறது. அதற்கு உச்சவரம்பு உண்டு.

இன்னொன்று, விற்பவர் ஐரோப்பாவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்குபவர் அங்கே இருந்தால் போதும். ஊறுகாய் வெள்ளரி அனுப்பும் தமிழ்நாட்டு ஏற்றுமதியாளரும், விற்றுமுதல் படி பொருந்தினால், வாங்குபவரின் நாட்டு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். ஜெர்மனி என்றால் அது விவசாயம், உணவுக்கான கூட்டாட்சி அலுவலகம். ஸ்பெயினில் பெரும்பாலும் உணவுத் தகவல், கட்டுப்பாட்டு முகமை. விற்பனை ஒப்பந்தத்தை எழுத்தில் உறுதிசெய்யச் சொல்லிக் கேட்கும் உரிமையும் விற்பவருக்கு இருக்கிறது. சரக்கு ஏற்றுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.